கணக்கில் வராத கூலி

தை பிறந்தால் தமிழ்நாட்டின் கண் அவனியாபுரத்தின் மேல் விழும். பொங்கலன்றே ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறப்பது இந்த ஊரில்தான். மறுநாள் பாலமேடு, அதற்கும் மறுநாள் அலங்காநல்லூர். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரைத் தமுக்கத்திலும் இளைஞர்கள் திரண்டார்கள், சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி, இந்த மூன்று ஊர்களில் முதலாவதாகக் காளை அவிழ்ந்ததும் அவனியாபுரத்தில்தான். 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இவ்வளவும் ஊரறிந்த சேதி. வாடிவாசலைத் தாண்டும் காளை சில நொடிகளில் கூட்டத்தைக் கடந்து ஓடிவிடுகிறது. அந்தச் சில நொடிக்காக ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கத் தீவனம் கரைத்துவைத்து, குளிப்பாட்டி, நடை பழக்கி, கண்மாயில் நீந்தவிட்டு, மண் குத்தவிட்டு வளர்த்திருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த வேலையில் பாதி பெண்களின் கையில். அதற்குக் கூலி கிடையாது, கூலி கேட்பதும் கிடையாது. காளைக்கு மட்டும் இப்படி என்றால் அதை ஆசை, கௌரவம் என்று சொல்லிவிடலாம். பக்கத்துத் தொழுவில் நிற்கும் கறவைப் பசுவுக்கும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மல்லிகைத் தோட்டத்துக்கும், களத்தில் கிடக்கும் நெல்லுக்கும் இதே கதைதான். தையும் மாசியும் விவசாயிக்கு ஓய்வு மாதங்கள் என்று நகரத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. சிறு விவசாயக் குடும்பம் கூலியில்லாமல் மிக அதிகமாக உழைக்கும் காலங்களில் இந்தப் பனிக்காலமும் ஒன்று. அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காதவரை விவசாயம் லாபமா நட்டமா என்ற பேச்சுக்கே அடிப்படை இல்லை என்பது என் வாதம்.

முதலில் இப்படிப்பட்ட குடும்பத்தின் பண்ணை எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் உள்ள சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இந்தியச் சராசரி 1.08 ஹெக்டேர். மதுரைக்குத் தெற்கே அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம், எலியார்பத்தி என்று விரியும் சமவெளியிலும் நிலம் இப்படித் துண்டுதுண்டாகத்தான் கிடக்கிறது. கண்மாய் நிரம்பினால் கொஞ்சம் நெல், கிணறு கைகொடுத்தால் சில சென்ட் மல்லிகை, வீட்டை ஒட்டி ஒன்றிரண்டு மாடு, நாலைந்து ஆடு, கோழி. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது அவனியாபுரம் நகராட்சியும் அதற்குள் போனது. இன்று இங்கே மாட்டுத் தொழுவும் மாடிவீடும் ஒரே தெருவில் நிற்கின்றன. வார்டு எண் வந்துவிட்டதால் விவசாயம் போய்விடவில்லை. ஆனால் அதைப் பார்க்கும் கண் குறைந்துவிட்டது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழைய பேச்சு. மதுரையில் ஜனவரிக் காலையின் குளிர் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வடநாட்டுக்காரர்கள் இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஆண்டு முழுக்க வெயிலில் பழகிய மாட்டுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் செடிக்கும் இது வேறு பருவம். கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் நேரத்தைப் பனி தள்ளிவைக்காது. ஆகவே விடிவதற்கு முன்பே தொழுவில் விளக்கு எரிய வேண்டும். சாணி அள்ளி, தரை கழுவி, மடி கழுவி, கன்றை ஊட்டவிட்டு, கறந்து, சங்கத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து விலை போடுவார்கள். பனியில் நனைந்த புல்லை மேய்ந்தால் வயிறு உப்பிக்கொள்ளும் என்பதால், வெயில் ஏறிப் பனி இறங்கும்வரை மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்க மாட்டார்கள். அதுவரை வைக்கோல் படப்பிலிருந்து பிடுங்கிப் போட வேண்டும், தவிடும் புண்ணாக்கும் கரைத்து வைக்க வேண்டும். ஆட்டுக்குட்டிக்குச் சளி பிடிக்காமல் சாக்கு கட்டுவது, அந்தியில் கொசுவுக்கு மூட்டம் போடுவது, கோமாரித் தடுப்பூசி போட மாட்டைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பது, மத்தியானத்துக்கு மேல் மறுபடி கறவை, மறுபடி சங்கம். அள்ளிய சாணி எருக்குழிக்குப் போகும். கொஞ்சம் எருவாட்டியாகச் சுவரில் ஏறும். இதில் ஒரு வேலையைக்கூட நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள முடியாது. நிலத்தில் வேலை இல்லாத நாள் உண்டு, தொழுவில் வேலை இல்லாத நாள் கிடையாது.

இதற்கு வரும்படி என்ன? 2022 நவம்பரில் தமிழக அரசு பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரிலிருந்து ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்தது. ஆக, தரமான பாலுக்கு 38 ரூபாய். ஒரு மாடு நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 304 ரூபாய். கடையில் வாங்கும் தீவனத்துக்கும் மருந்துக்கும் அதில் பாதி போனால் மிச்சம் 152. வீட்டார் எல்லாரும் சேர்ந்து அந்த மாட்டோடு நான்கு மணி நேரம் செலவிடுகிறார்கள் என்றால் மணிக்கு 38 ரூபாய், ஒரு லிட்டர் பாலின் விலை. மாடு கறவை வற்றி நிற்கும் மாதங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அந்த 38 ரூபாயும் தேயும். இது என் உத்தேசக் கணக்குதான், ஒவ்வொரு தொழுவுக்கும் எண் மாறும். ஆனால் எந்தத் தொழுவிலும் இந்த மணிக்கூலி ஒரு சித்தாள் வாங்கும் கூலிக்குப் பக்கத்தில் வராது.

மல்லிகையில் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வெயிலின் பிள்ளை. பங்குனியிலிருந்து ஆனிவரை பூத்துக் குலுங்கும். பனி இறங்கினால் மொட்டு சுருங்கிவிடும். கார்த்திகையில் செடியைக் கவாத்து செய்துவிடுவார்கள். அதன்பிறகு களையெடுத்து, மண் அணைத்து, எருப்போட்டு, தளிருக்காகக் காத்திருப்பார்கள். அந்தத் தளிரிலும் மொட்டிலும் புழுவும் ஈயும் இறங்கும். செடி செடியாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். தை முகூர்த்தங்களும் பொங்கலும் வரும் நேரத்தில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வரத்துக் குறைந்து, மல்லி கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது என்று செய்தி வரும். படிக்கிறவர்கள் பூ விவசாயிக்கு யோகம் என்று நினைக்கிறார்கள். விலை ஏறியதற்குக் காரணமே தோட்டத்தில் பூ இல்லாததுதான். கோடையில் கூடை கூடையாகப் பறித்த அதே செடியில் தையில் கைப்பிடி அளவுதான் தேறும். பூ நிறைய இருக்கும்போது ஆள் வைத்துப் பறிக்கலாம். கொஞ்சமாக இருக்கும்போது ஆள்கூலி கட்டாது. செடிக்குச் செடி நடக்கும் தூரம் அதேதான், கிடைக்கும் மொட்டுதான் குறைவு. அதனால் பனிக்காலத்தில் வீட்டாரே இறங்குகிறார்கள். விரிவதற்கு முன்பே மொட்டைப் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் மொட்டு பழுத்துவிடும், சந்தையில் நேரம் ஏற ஏற விலை இறங்கும். ஆகவே பனி சொட்டும் இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் மடி கட்டி, விரைத்த விரலால் பறிக்க வேண்டும். ஒரு கிலோவுக்குச் சில ஆயிரம் மொட்டு. செய்தியில் வரும் 3,000 ரூபாய்க்குள் இந்த விரல்களின் கூலி தனியாக எங்கும் எழுதப்படவில்லை.

நெல்லுக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகி நட்ட நெல் தையில் களத்துக்கு வருகிறது. அறுவடை இயந்திரம் வந்தபிறகு அறுப்பும் அடிப்பும் சில மணி நேர வேலையாகச் சுருங்கிவிட்டது உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் வரும் வேலையைப் பனி நீட்டிவிடுகிறது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் நெல்லை எடுக்கும். இயந்திரத்தில் அறுத்த நெல் ஈரத்தோடு வரும். காலையில் பனி காய்ந்தபின் பரப்பி, காலால் கோதிவிட்டு, வெயில் சாயுமுன் கூட்டி, தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மூடாமல் விட்டால் பகலில் காய்ந்ததைப் பனி இரவில் திருப்பி எடுத்துக்கொள்ளும். முறை வரும்வரை நிலைய வாசலில் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவர் படுத்துக் கிடக்க வேண்டும். மாடு வாய் வைக்காமல், மழை வந்தால் மூட, யாரும் அள்ளிப் போகாமல் பார்க்க. அறுவடை ஒரு பொழுதில் முடிந்தது, காவல் பல இரவுகள் நீண்டது என்பதுதான் சிறு விவசாயியின் தை மாதம். இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை உண்டு, ரசீதும் உண்டு. காவலுக்கு எதுவும் இல்லை.

அறுத்த வயலில் கிடை மறிப்பதும் இதே பருவத்தில்தான். கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளும் மந்தையாகக் கிடைக்கு வரும் இனம்தான். காளை வளர்ப்புக்குப் பெயர் வாங்கிய அந்த இனத்தின் அன்றாடத் தொழில் வயலுக்கு எரு கொடுப்பது. இரவுக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ பேசி மறிப்பார்கள். அது முடிந்தபின் ஈரம் காயுமுன் ஓர் உழவு, பட்டம் பார்த்து எள்ளோ உளுந்தோ காய்கறியோ. கிணற்றில் தண்ணீர் மட்டம் மாசிக்குள் இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், அதை எதற்குக் கொடுப்பது, மல்லிக்கா மாட்டுப் புல்லுக்கா என்ற கணக்கு அப்போதே ஆரம்பமாகிறது.

இனி அரசு என்ன எண்ணுகிறது என்று பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் விவசாயக் குடும்பங்களின் நிலையை ஆராய்ந்தது. 2018-19 வேளாண் ஆண்டில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் இந்திய அளவில் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளமாக வந்தது 4,063. பயிரில் நிகரமாக நின்றது 3,798. மாடு, ஆடு, கோழியில் நின்றது 1,582. மீதி சிறு தொழிலும் குத்தகையும். விவசாயக் குடும்பம் என்று நாம் சொல்லும் குடும்பத்துக்குப் பயிரைவிட வெளி வேலைக் கூலி அதிகம் தருகிறது என்பதே ஒரு பெரிய செய்தி. அதைவிடப் பெரிய செய்தி அதே ஆய்வின் இரண்டாவது கணக்கில் இருக்கிறது. கைக்காசு கொடுக்காமல், வீட்டிலிருந்தே எடுத்துப் போட்டவற்றுக்கும் விலை மதித்துக் கழித்தால் மாத வருமானம் 8,337 ஆக இறங்குகிறது. பயிரில் நிற்பது 3,798இலிருந்து 3,058 ஆகிறது. கால்நடையில் நிற்பது 1,582இலிருந்து 441 ஆகச் சரிகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு காணாமல் போகிறது. வருமானம் என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி, விலை போடாத வைக்கோலும் புல்லும் வீட்டுப் பொருளும்தான் என்று இந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது. மாடு வளர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த 441 ரூபாயை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

வீட்டு உழைப்பை அரசு அடியோடு மறந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. பயிர் விலையைப் பரிந்துரைக்கும் ஆணையம் மூன்று வகையில் செலவைக் கணக்கிடுகிறது. கையிலிருந்து போன காசு மட்டும் ஏ-2. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் இரண்டாவது வகை. சொந்த நிலத்தின் வாடகையும் முதலின் வட்டியும் சேர்ந்தால் சி-2. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இல், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது பாதி மடங்கு சேர்த்து ஆதார விலை தர வேண்டும் என்றது. 2018-19இலிருந்து மத்திய அரசு அதை இரண்டாவது வகைச் செலவின் மேல் கணக்கிடுகிறது. விவசாயிகள் சங்கங்கள் சி-2 மேல் கேட்கின்றன. 2025-26இல் சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்குச் செலவு 1,579 என்று வைத்து விலை 2,369 ஆனது. தமிழக அரசின் ஊக்கத்தொகை சேர்ந்து 2,500. இந்த வாதத்தில் நான் சங்கங்களின் பக்கம். ஆனால் அவனியாபுரத்துச் சிறு பண்ணைக்கு இந்தச் சண்டை பாதிதான் பொருந்தும். ஆதார விலை அறிவிக்கப்படுவது 22 பயிர்களுக்கு. மல்லிகை அதில் இல்லை, பாலும் இல்லை. பனிக்காலத்தில் அந்தக் குடும்பத்தை நாள்தோறும் ஓட்டுவது இந்த இரண்டும்தான். இரண்டிலும் உழைப்பின் மதிப்பை எழுதிவைக்க ஒரு கட்டம்கூட இல்லை. நெல்லிலும்கூட, பயிரோடு நேராகப் பட்ட வேலைதான் கணக்கின் மையம். கொள்முதல் நிலைய வாசலில் கழிந்த இரவுகள் எந்த விலைக்குள்ளும் நுழைவதாகத் தெரியவில்லை.

தன் வயலில் தான் செய்யும் வேலைக்குக் கூலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. விவசாயியே அப்படித்தான் நினைக்கிறார். ‘வீட்டு வேலைதானே’ என்பார். ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானோவ் 1920களில் இதைத்தான் ஆராய்ந்தார். கூலிக்கு ஆள் வைக்கும் பண்ணை லாபம் வரவில்லை என்றால் மூடிவிடும். குடும்பப் பண்ணை மூடாது; வீட்டில் இருக்கும் வாய்களுக்குப் போதும்வரை, உடம்பு தாங்கும்வரை, மேலும் மேலும் உழைத்து ஈடுகட்டும் என்றார். அவர் 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பார்த்தது ரஷ்யக் கிராமம். ஆனால் தை மாதத்து மல்லிகைத் தோட்டத்தில் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. பூ குறைந்தால் ஆளை நிறுத்திவிட்டு வீட்டார் இறங்குகிறார்கள். பால் விலை போதவில்லை என்றால் தீவனம் வாங்குவதைக் குறைத்து வரப்புப் புல்லை அறுக்கப் போகிறார்கள். ஆகவே ஒரு சிறு பண்ணை இன்னும் நடக்கிறது என்பதை வைத்து அது கட்டுபடியாகிறது என்று முடிவு கட்டக்கூடாது. தன் உழைப்புக்குத் தானே விலை கேட்காதது விவசாயியின் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையின் மேல் பால் விலையையும் பூ விலையையும் நாம் நிர்ணயிக்கிறோம் என்றால், அது அவர் தனியாகத் தீர்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல.

இயந்திரம் வந்துவிட்டது, பழைய பாடு இப்போது இல்லை என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. கமலை இறைத்த தலைமுறையோடு ஒப்பிட்டால் அது மெய்தான். மோட்டார் வந்தது, 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது, டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது. ஆனால் இயந்திரம் எந்த வேலையை எடுத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டும். உழவு, இறைப்பு, அறுப்பு, அடிப்பு: பெரிய வேலைகள், அதிகமும் ஆண்கள் நின்று செய்த அல்லது கூலிக்கு ஆள் வைத்த வேலைகள். சாணி அள்ளுவது, புல் அறுப்பது, மொட்டுப் பறிப்பது, நெல் கோதுவது, குட்டிக்குப் பால் புகட்டுவது ஆகியவை இந்த அளவுப் பண்ணையில் இன்னும் கையால்தான் நடக்கின்றன. இரண்டு மாட்டுக்குக் கறவை இயந்திரம் வாங்கினால் முதலைத் திருப்பி எடுக்க எத்தனை ஆண்டு ஆகும்? இயந்திரம் மிச்சப்படுத்தியது கொடுக்க வேண்டிய கூலியை. கூலியில்லாத வேலையில் பெரும்பங்கு அப்படியே மிஞ்சி, இப்போது பண்ணையின் மொத்த உழைப்பில் அதன் பங்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் அவனியாபுரத்துக்கே உரியது, அதைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. நிலத்தை விற்றுவிட்டால் என்ன? சுற்றுச்சாலை வந்துவிட்டது, விமான நிலையம் பக்கத்திலேயே. அதன் விரிவாக்கத்துக்காக அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு பக்கம் நிலம் எடுத்திருக்கிறார்கள். மணிக்கு 38 ரூபாய்க்கு மாட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, விற்ற பணத்தை வங்கியில் போட்டால் வட்டி அதிகம் வரும். தனி ஒரு குடும்பத்துக்கு இது சரியான முடிவாகவே இருக்கலாம். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்ட வீட்டில் யாரும் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன ஆய்வை மறக்கக்கூடாது. இந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே வெளியே வேலைக்குப் போகின்றன. கட்டட வேலை, ஓட்டுநர் வேலை, கடைச் சம்பளம் எல்லாம் பகலில். விடியற்காலையும் அந்தியும்தான் பண்ணைக்கு. விற்றால் போவது அந்த இரண்டு பொழுதின் வரும்படியும், வேலை இல்லாத மாதத்தில் தாங்கும் பிடிமானமும். கிராம ஊராட்சியாக இருந்தால் அரசின் ஊரக வேலைத் திட்டம் என்று ஒரு துணை இருந்திருக்கும். மாநகராட்சி வார்டில் அதுவும் கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. மதுரை தன் சாக்கடை நீரை ஒரு காலத்தில் அவனியாபுரத்துக் கழிவுநீர்ப் பண்ணையில் பாய்ச்சியது, அங்கே வளர்ந்த புல்லை நகரத்து மாடுகள் தின்றன. பிறகு வெள்ளக்கல்லில் குப்பைக் கிடங்கும் சுத்திகரிப்பு நிலையமும் வந்தன. நகரம் தன் கழிவை இந்தப் பக்கம் அனுப்பி, பாலையும் பூவையும் இந்தப் பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. இப்படிப்பட்ட ஊரில் எல்லாரும் விற்றுவிட்டால் மதுரைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, விற்பவரின் வங்கி வட்டி பதிலாகாது.

இந்த உழைப்பு யாருடையது என்பதில்தான் கணக்கின் பெரிய ஓட்டை இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். விவசாய வீட்டில் வீட்டு வேலைக்கும் பண்ணை வேலைக்கும் நடுவே சுவர் கிடையாது. உலை வைத்துவிட்டுச் சாணி அள்ளுவதும், புல்லுக்கட்டை இறக்கிவிட்டுப் பிள்ளைக்குத் தலை வாருவதும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. கேட்டால் ‘சும்மா வீட்டுலதான் இருக்கேன்’ என்று பதில் வரும். 2015-16 கணக்கெடுப்பில் இந்தியாவின் நில உடைமைகளில் பெண்கள் பெயரில் நடப்பவை நூற்றுக்குச் சுமார் 14தான். பட்டா பெண்ணின் பெயரில் இல்லை என்றால் பயிர்க்கடனும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் உதவித்தொகையும் அவருக்கு நேராக வருவதில்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு உதவி என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்தது, கூலியில்லாத உழைப்புக்கு ஓர் அரசு கொடுத்த அரிய ஒப்புதல் என்று நான் கருதுகிறேன். தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். ஐந்து ஏக்கர் நஞ்சை, பத்து ஏக்கர் புஞ்சைக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்பதால் நாம் பேசும் குடும்பங்கள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் அது இல்லத்தரசிக்குத் தரும் தொகை, விவசாயிக்குத் தருவது அல்ல. 2026ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. அந்த ஆண்டின் பெயரால் இங்கே ஒன்று செய்யலாம் என்றால், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் என்ன பயிர் என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், யார் யார் உழைக்கிறார்கள் என்று எழுத ஒரு கட்டம் திறப்பதைத்தான் முதலில் கேட்பேன். பால் சங்கத்தில் மாட்டைப் பார்ப்பவர் பெயரிலேயே உறுப்பினர் அட்டையும், அவர் கையிலேயே பணமும் சேர வேண்டும் என்பது அடுத்தது.

உழைப்புக்கெல்லாம் விலை போட்டால் பாலும் பூவும் யார் வாங்க முடியும் என்று நகரத்தில் உள்ளவர்கள் கேட்பார்கள். கூலிக்காரக் குடும்பத்துக் குழந்தைக்கும் பால் வேண்டும். அந்தக் கவலை நேர்மையானது. முழு மதிப்பையும் நாளைக்கே விலையில் ஏற்றச் சொல்லவில்லை. கணக்கு தெரிந்தால் பாரத்தை எங்கே ஏற்றலாம் என்று பேசலாம். ஒரு பங்கு விலையில், ஒரு பங்கு ஊக்கத்தொகையில், ஒரு பங்கு வேலையைக் குறைக்கும் வசதியில். கொள்முதல் நிலையத்தில் ஈரநெல்லைக் காயவைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால் எத்தனை குடும்பத்தின் எத்தனை இரவு மிஞ்சும்? கண்மாயில் சாக்கடை கலக்காமல் இருந்தால் தீவனப் புல்லுக்குத் தனியாகக் கிணற்று நீர் தேட வேண்டாம். பால் விலை உயரும் ஒவ்வொரு முறையும் தீவன விலை எவ்வளவு உயர்ந்தது என்று கேட்கிறோம். அதோடு, கறக்கும் கைக்கு மணிக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்கலாம். எண்ணாத வேலையைக் குறைக்க எந்தத் திட்டமும் வராது, ஏனென்றால் அது குறைந்ததா இல்லையா என்று சொல்ல யாரிடமும் அளவுகோல் இல்லை.

மாசியில் சிவராத்திரி வந்தால் பனி ‘சிவ சிவ’ என்று போய்விடும் என்பார்கள். அதற்குப் பிறகு வெயில் ஏறும், மல்லிகைச் செடியில் தளிருக்குத் தளிர் மொட்டு வைக்கும், சந்தையில் வரத்துக் கூடும், கிலோ 3,000 விற்றது 300க்கும் கீழே வரும். வலையங்குளத்திலும் எலியார்பத்தியிலும் தோட்டத்துக்குப் பறிப்பு ஆட்கள் விடியுமுன் வந்து சேர்வார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, எடை போட்டு, நோட்டில் பெயர் எழுதி, அன்றன்றைக்குப் பட்டுவாடா நடக்கும். அந்த நோட்டில் தையிலும் மாசியிலும் அதே செடிகளில் பறித்த வீட்டுப் பெண்ணின் பெயருக்கு ஒரு வரி இருக்காது. பங்குனியிலும் அவர் ஆட்களோடு சேர்ந்து பறித்துக்கொண்டுதான் இருப்பார்.